எரிந்த இதழும் நின்ற இதழும்

1926 நவம்பரில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழு இளைஞர்கள் சேர்ந்து ‘ஃபயர்!!’ என்றொரு காலாண்டிதழைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஆசிரியர் வாலஸ் தர்மன். உடனிருந்தவர்கள் லாங்ஸ்டன் ஹியூஸ், சோரா நீல் ஹர்ஸ்டன், கிவெண்டலின் பென்னட், ரிச்சர்ட் புரூஸ் நூஜென்ட், ஜான் டேவிஸ், ஓவியர் ஆரோன் டக்ளஸ். சிவப்பும் கறுப்புமான அட்டை டக்ளஸ் வரைந்தது. விலை ஒரு டாலர். ஆளுக்கு 50 டாலர் போடுவதாகப் பேச்சு. மூன்று பேர்தான் போட்டார்கள் என்று ஹியூஸ் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். அச்சுச் செலவு ஏறக்குறைய ஆயிரம் டாலர் ஆனது. கடன் தர்மன் தலையில் விழுந்து, சில ஆண்டுகள் அவருடைய சம்பளத்தில் பிடித்தமாகப் போய்க்கொண்டிருந்தது. விற்காமல் நிலவறையில் அடுக்கி வைத்திருந்த பிரதிகள் தீப்பிடித்து எரிந்து போயின. இரண்டாவது இதழ் வரவில்லை.

சிற்றிதழ் வரலாறு நடத்தும்போது இந்தக் கதையை நான் வருஷம் தவறாமல் சொல்வேன். பெயருக்கேற்ற சாவு என்பதால் மாணவர்கள் சிரிப்பார்கள், பிறகு அமைதியாவார்கள். நம்முடைய சிற்றிதழ்க் கதைகளுக்கும் இதே சுவைதான். கடன், பரணில் கட்டுக்கட்டாகக் கரையான் அரித்த பிரதிகள், இதழுக்காக அடகுக்குப் போன மனைவியின் நகை. அந்த நகைக்காரியின் பெயர் எந்த இதழின் முகப்பிலும் அச்சாகவில்லை என்பதை மட்டும் நாங்கள் கதையில் சேர்ப்பதில்லை.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், ரெண்டாவது இதழ் போட்டவங்க யாருமே இல்லையா?” ‘ஃபயரை’ப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இல்லை என்றேன். “அது இல்ல மேடம். ஒரே ஒரு இதழ் போட்டவங்களத்தான் நாம படிக்கிறோம். வருஷக்கணக்கா போட்டவங்க இருப்பாங்கல்ல?”

மணி அடித்துவிட்டது. நல்ல வேளை. ஏனென்றால் என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போனதன் விளைவு.

முதலில் ‘ஃபயரு’க்கு முன்னால் போக வேண்டியிருந்தது. அந்த ஏழு பேரும் வானத்திலிருந்து குதித்து எழுதத் தொடங்கியவர்கள் அல்லர். 1919 முதல் 1926 வரை ‘தி கிரைசிஸ்’ மாத இதழின் இலக்கிய ஆசிரியராக இருந்தவர் ஜெஸ்ஸி ஃபாசெட். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், கவிஞர், நாவலாசிரியர். அந்த இதழ் என்றால் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் பெயர்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதிகளைப் படித்தவர் ஃபாசெட். பள்ளியை முடித்திருந்த ஹியூஸ் அனுப்பியதைப் படித்துவிட்டு இது கவிதை என்று கண்டுகொண்டவர் அவர். 1920 ஜனவரியிலிருந்து 1921 டிசம்பர் வரை, கறுப்பினக் குழந்தைகளுக்காக ‘தி பிரௌனீஸ் புக்’ என்ற மாத இதழை டுபாய்சோடும் அகஸ்டஸ் டில்லோடும் சேர்ந்து நடத்தினார். மொத்தம் 24 இதழ்கள். தன் முகத்தை அச்சில் அழகாக ஒருபோதும் கண்டிராத குழந்தைகளுக்கு அந்த முகத்தை வரைந்து கொடுக்க ஓவியர்கள் வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பெற்றவர்களில் ஒருவர் லாரா வீலர் என்ற பெண். ‘தி கிரைசிஸ்’ அட்டைகளும் பல அவர் கையால் வந்தவை.

ஹியூஸ் நன்றி மறக்கவில்லை. அந்தக் காலத்துக் கறுப்பின இலக்கியத்துக்கு மருத்துவச்சியாக இருந்து பிரசவம் பார்த்தவர்கள் மூன்று பேர் என்று சொல்லி, ஃபாசெட் பெயரை முதலில் வைத்தார். மற்ற இருவரும் ஆண்கள். பாராட்டுத்தான். ஆனால் மருத்துவச்சி என்ற சொல்லை நம் ஊரில் வளர்ந்த ஒருத்தி அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. ஊரே அவள் கையில்தான் விழுந்தது. அவளுக்குத் திண்ணையில் இடம் கிடையாது.

1924 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரு விருந்து நடந்தது. ஃபாசெட்டின் முதல் நாவல் வெளிவந்ததை ஒட்டி யோசிக்கப்பட்ட விருந்து. மாலை முடிவதற்குள் அது இளம் எழுத்தாளர்களையும் வெள்ளையினப் பதிப்பாளர்களையும் கூட்டிவைக்கும் நிகழ்ச்சியாக மாறி, நாவலாசிரியர் கடைசியில் சில வார்த்தை பேசுகிறவராக ஆகிப்போனார். அவருக்கு அது வருஷக்கணக்கில் ஆறவில்லை. 1926இல் ‘தி கிரைசிஸை’விட்டு விலகும் வேளையில், பதிப்பகங்களில் வேலை தேடித் தெரிந்தவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நிறம் ஒரு தடையாக இருக்குமென்றால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் தயார் என்று அதில் சொல்லியிருந்தார். ஏழு வருஷம் ஒரு தலைமுறையையே அச்சேற்றிய ஆசிரியை எழுதியது இது. வேலை கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு கற்பிக்கப் போனார். அதே ஆண்டு நவம்பரில்தான் ‘ஃபயர்’ வந்தது. புரட்சி என்று நாங்கள் வகுப்பில் சொல்வது அதைத்தான்.

மாணவியின் கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது ஐம்பது வருஷம் தள்ளி, அமெரிக்காவின் மறு கரையில், லாஸ் ஏஞ்சலிஸில்.

சமெல்லா லூயிஸ் 1923இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். அங்கே டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஓவியம் கற்பித்தவர் எலிசபெத் கேட்லெட். பிக்காசோவின் ஓவியக் காட்சி ஊருக்கு வந்தது. அருங்காட்சியகம் பூங்காவுக்குள் இருந்தது. பூங்காவுக்குள் கறுப்பினத்தவர் நடக்கக் கூடாது. கேட்லெட் ஒரு வழி கண்டுபிடித்தார். பொதுமக்களுக்கு மூடியிருக்கும் நாளில் பேருந்து பிடித்து, மாணவர்களின் கால் பூங்கா மண்ணில் படாமல், வாசற்படியிலேயே கொண்டுபோய் இறக்கினார். அந்தப் பேருந்தில் லூயிஸும் இருந்தார். இந்தச் சம்பவத்தை முதன்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எந்தத் தெருவில் எதை அணிந்து நடக்கலாம் என்று சட்டம் போட்ட ஊர்களைச் சேர்ந்தவர்கள் நாம்.

கேட்லெட்டைத் தொடர்ந்து லூயிஸ் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்லூரிக்குப் போனார். 1951இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். நுண்கலையிலும் கலை வரலாற்றிலும் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். பிறகு ஆசிரியப் பணி. ஃபுளோரிடா, நியூயார்க் மாநிலம் என்று பல இடங்கள். நடுவில் சீன மொழி கற்றுக்கொண்டு, 1962இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் தைவான் போய்ச் சீனக் கலை படித்தார். தன் இனத்துக் கலையைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்று யாரும் அவரை ஓரமாக உட்கார வைக்க முடியாது.

அவருடைய சிக்கல் எனக்குச் சட்டென்று புரிந்தது, நானும் ஆசிரியை. கற்பிக்க ஆள் இருக்கிறார், கேட்க மாணவர்கள் இருக்கிறார்கள், கையில் புத்தகம் இல்லை. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. அலெய்ன் லாக் 1940இல் ஒன்றும் ஜேம்ஸ் போர்ட்டர் 1943இல் ஒன்றும் எழுதியிருந்தார்கள். 1960இல் வந்த ஒன்றை எழுதியவர் கல்கத்தாவில் பிறந்த செட்ரிக் டோவர் என்ற ஆங்கிலோ இந்தியர். விரல் விட்டு எண்ணிவிடலாம். வெளியுலகமோ கறுப்பினத்தவரிடம் கலை இருக்கிறதா என்பதையே சந்தேகித்துக்கொண்டிருந்தது. 1969 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹார்லெமைப் பற்றிப் பெரிய காட்சி வைத்தது. சுவர் சுவராகப் புகைப்படங்கள். ஹார்லெமின் ஓவியர்களும் சிற்பிகளும் படைத்தவற்றுக்கு அதில் இடமில்லை. கலைஞர்கள் வாசலில் மறியல் செய்தார்கள்.

இங்கே ஒரு வட்டம் இருக்கிறது. ஒரு கலைஞரைக் காட்சிக்கு வைக்கலாமா என்று முடிவெடுப்பவர்கள், இவரைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்பார்கள். எழுதுகிறவர்கள், இவர் படைப்பு எங்காவது காட்சிக்கு வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டு பேரும் நியாயமாகத்தான் நடந்துகொள்வதாக நினைத்துக்கொள்வார்கள். வெளியே நிற்பவர் வெளியேதான் நிற்பார். இந்த வட்டத்தை எங்காவது வெட்ட வேண்டுமானால், வெட்டுவதற்கு மலிவான இடம் அச்சு. அருங்காட்சியகம் கட்டுவதைவிட இதழ் நடத்தச் செலவு குறைவு. லூயிஸ் இரண்டையும் செய்தார் என்பது வேறு விஷயம்.

1968இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் பொறுப்பேற்றார். கறுப்பினக் கலைஞர்களுக்கு அங்கே இடம் கேட்டுப் போராடி, உள்ளேயிருந்து மாற்ற முடியாதென்று கண்டு வெளியே வந்தார். 1969இல் ‘பிளாக் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆன் ஆர்ட்’ நூலின் முதல் தொகுதி வந்தது, 1971இல் இரண்டாவது. உடன் தொகுத்தவர் அச்சோவியக் கலைஞரான ரூத் வாடி. வாடி லூயிஸைவிட மூத்தவர். அதற்கு முன்பே, லினோலியத்தில் செதுக்கிய அச்சுப் பலகைகளைச் சேகரிப்பதற்காகப் பேருந்தில் நாடு முழுக்கச் சுற்றி வந்தவர். (இந்தக் கதையில் பேருந்துகள் நிறைய வருகின்றன. தனியாக எழுத வேண்டும்.) அந்த நூலில் கலைஞர்களின் படைப்புகளோடு அவர்களுடைய சொந்தப் பேச்சே இடம்பெற்றது. நடுவில் விமர்சகர் கிடையாது. வெளியிட நடிகரும் ஓவியருமான பெர்னி கேஸியோடு சேர்ந்து ‘கன்டெம்பரரி கிராஃப்ட்ஸ்’ என்ற சொந்தப் பதிப்பகம். வேறு யாருடைய வாசலிலும் போய் நிற்கவில்லை.

நூல் வெளியான நாளோடு நின்றுவிடும். கலைஞர்கள் அடுத்த நாளும் வரைவார்கள். 1976இல் ‘பிளாக் ஆர்ட்: ஆன் இன்டர்நேஷனல் குவாட்டர்லி’ என்ற காலாண்டிதழ் தொடங்கியது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைக்கான அருங்காட்சியகத்தையும் லூயிஸ் நிறுவினார். அது பின்னாளில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மூன்றாம் மாடிக்குப் போனது. துணி எடுக்க வந்தவர்கள் படியேறினால் ஓவியம் பார்க்கலாம். பூங்காவைத் தாண்ட வேண்டியதில்லை.

இதழின் பெயரில் உள்ள ‘இன்டர்நேஷனல்’ என்ற சொல்லை நான் முதலில் வெறும் ஆடம்பரம் என்றே நினைத்தேன். பிறகுதான் கேட்லெட் நினைவு வந்தது. 1940களின் நடுவிலேயே மெக்சிகோவுக்குப் போய்விட்ட அவர், 1962இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். அவருடைய அரசியலுக்காக அமெரிக்க அரசு அவரை வேண்டாதவர் பட்டியலில் வைத்தது. 1971இல் ஹார்லெமில் நடந்த தன் சொந்தக் காட்சிக்கு வரவே அவர் விசாவுக்குப் போராட வேண்டியிருந்தது. கறுப்பினக் கலையை அமெரிக்க எல்லைக்குள் அடைத்தால், லூயிஸின் ஆசிரியையே இதழுக்கு வெளியே போய்விடுவார். அந்தச் சொல்லுக்கு இதுதான் காரணம் என்று நான் நிரூபிக்க முடியாது. என் ஊகம். ஆனால் 1984இல் கேட்லெட்டின் கலையைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியவரும் லூயிஸ்தான்.

கலை இதழ் நடத்துவது கவிதை இதழ் நடத்துவதுபோல் அல்ல. நாங்கள் நான்கு தோழிகள் சேர்ந்து ஐந்து இதழ் போட்டோம் (ஆறாவதை அச்சகத்தார் பாக்கிக்காக நிறுத்தி வைத்தார்), எனக்குக் கொஞ்சம் தெரியும். கவிதைக்கு எழுத்து போதும். ஓவியத்துக்கு நல்ல புகைப்படம், நல்ல தாள், வண்ண அச்சு எல்லாம் வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வண்ணப் படத்துக்கு நான்கு தகடு தனித்தனியே எடுக்க வேண்டும். ஒன்று நூலிழை நகர்ந்தாலும் முகம் கலங்கிவிடும். செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் மட்டமான தாளில் போட்டால், கறுத்த தோலின் நுண்ணிய வேறுபாடுகளெல்லாம் ஒரே மைத்திட்டாக அப்பிவிடும். எந்த மக்களைப் பார்க்க வைப்பதற்காக இதழ் தொடங்கப்பட்டதோ, அவர்கள் முகமே அச்சில் காணாமல் போகும். பிறகு சந்தாக் கடிதம், முகவரி மாற்றம், திரும்பி வரும் உறைகள், நூலகங்களுக்கான ரசீது. யாரும் இவற்றைப் பற்றிக் கவிதை எழுதியதில்லை.

லூயிஸுக்கு மாதச் சம்பளம் உள்ள வேலை இருந்தது. கிளேர்மாண்ட் நகரில் உள்ள ஸ்கிரிப்ஸ் பெண்கள் கல்லூரியில் நிரந்தரப் பணி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர் அவர். 1984 வரை அங்கே கற்பித்தார். பின்னாளில் பெயர் பெற்ற சிற்பி அலிசன் சார் அங்கே அவருடைய மாணவி. 1978இல் ‘ஆர்ட்: ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்’ என்ற பாடநூலையும் எழுதி முடித்தார். வகுப்பு, இதழ், அருங்காட்சியகம், நூல், இவற்றுக்கிடையே தன் சொந்த ஓவியமும் அச்சோவியமும். தர்மனின் கடன் வீரக்கதையாகிவிட்டது. பத்து மணிக்கு வகுப்பெடுத்துவிட்டுப் பிற்பகலில் மெய்ப்புத் திருத்துகிறவளின் நாள் கதையாவதில்லை. அதில் எரிவதற்கு ஒன்றும் இல்லை.

பெண்ணியக் கலை வரலாறாவது இவரைப் பிடித்து வைத்திருக்கும் என்று நம்பித் தேடினேன். 1970களின் அமெரிக்கப் பெண்ணியக் கலை இதழ்கள் என்றால் ஒரு பட்டியல் தயாராக வரும்: 1972இல் ‘ஃபெமினிஸ்ட் ஆர்ட் ஜர்னல்’, 1977இல் ‘ஹெரெசீஸ்’, அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸிலேயே ‘கிரிசாலிஸ்’. ‘பிளாக் ஆர்ட்’ அந்த வரிசையில் வருவதில்லை, அது ஆண்களையும் வெளியிட்டது என்பதால். கறுப்பினக் கலை இயக்கத்தின் இதழ்களைச் சொல்லும்போதோ ஆண் ஆசிரியர்களின் பெயர்கள் முந்திக்கொள்கின்றன. இரண்டு அலமாரிக்கும் இடையிலுள்ள சந்தில் விழுந்த புத்தகம்போல அந்த இதழ்.

அந்தப் பெண்ணிய இதழ்களுக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஹெரெசீஸ்’ மூன்றாம் இதழ் லெஸ்பியன் கலைஞர்களுக்கானது. அதில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர்கூட இல்லையே என்று பாஸ்டனின் கம்பாஹி ரிவர் கலெக்டிவ் கடிதம் எழுதியது; நான்காம் இதழில் அது வெளியானது. 1979இல் எட்டாம் இதழ் ‘மூன்றாம் உலகப் பெண்கள்’ என்ற தலைப்பில் வேறொரு ஆசிரியர் குழுவிடம் தரப்பட்டது. அந்தக் குழுவில் ஒருவர் அலிகரில் பிறந்த அச்சோவியக் கலைஞர் ஜரினா ஹாஷ்மி. மறு ஆண்டு, கியூபாவில் பிறந்த அனா மெண்டியெட்டாவோடும் ஜப்பானில் பிறந்த கசுகோ மியாமோட்டோவோடும் சேர்ந்து, நியூயார்க்கின் ஏ.ஐ.ஆர். பெண்கள் காட்சிக்கூடத்தில் எட்டுப் பெண் கலைஞர்களின் காட்சியையும் ஜரினா அமைத்தார். ‘வெள்ளையரல்லாத’ என்று நான் எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை. இல்லாததை வைத்து ஆளைச் சுட்டும் சொல் அது. ‘நிறத்தவர்’ என்றால் வெள்ளை நிறமில்லையா என்ற கேள்வி வருகிறது. அவர்களும் அன்றைக்குச் சொல் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள்; ‘மூன்றாம் உலகம்’ என்பது அப்போதைக்குக் கிடைத்தது.

எட்டாம் இதழ் முக்கியமானது. ஆனால் அது மற்றவர்கள் வீட்டில் ஒரு வாரம் சமைக்கக் கிடைத்த அடுப்பு. ஒன்பதாம் இதழுக்கு அடுப்பு திரும்பிப் போய்விடும். லூயிஸ் தன் அடுப்பைத் தானே மூட்டிக்கொண்டார். அவர் தன்னைப் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொண்டாரா என்று ஒரு கருத்தரங்கில் என்னிடம் கேட்டார்கள். தலைப்பில் ‘பெண்’ இருக்கிறதா என்று பார்த்துப் பெண்ணிய வரலாற்றில் சேர்ப்பதானால், பெண்கள் கட்டியெழுப்பி எல்லோரும் பயன்படுத்திய பலவற்றை நாம் தொலைத்துவிடுவோம். அதே அரங்கில் ஒரு மூத்த பேராசிரியர் நம் சிற்றிதழ்கள் பற்றிய கட்டுரையில், பெண்கள் ‘பெரிதும் உதவினார்கள்’ என்று மூன்று முறை சொன்னார். எண்ணிக்கொண்டிருந்தேன்.

1984இல் இதழின் பெயர் ‘தி இன்டர்நேஷனல் ரிவ்யூ ஆஃப் ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் ஆர்ட்’ என்று மாறியது. 1992இல் அது ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்குப் போனது. 1940களில் லூயிஸ் மாணவியாகப் படித்த அதே ஹாம்ப்டன். அங்கே ஜூலியட் ஹாரிஸ் என்ற பெண் ஆசிரியராக இருந்து நடத்தினார். லூயிஸ் 2022 மே மாதம், 99 வயதில் காலமானார்.

மாணவியிடம் இதையெல்லாம் போன செமஸ்டரில் சொன்னேன். அவள் இப்போது ஆய்வு மாணவி. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, “மொத்தம் எத்தனை இதழ் மேடம்?” என்று கேட்டாள். இன்னும் நான் எண்ணி முடிக்கவில்லை.